பூட்டு வீட்டுச் சுவர்

எங்கள் பெயின்ட் கம்பெனியில் கலவை அறையைப் பார்த்துக்கொள்பவருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் பேக்கிங் பிரிவில் இருக்கும் நாங்கள்தான். அவர் வாயிலிருந்து ஒரு விஷயத்தை எடுப்பதைவிட, காய்ந்து இறுகிப்போன பெயின்ட் டப்பாவைப் பல்லால் திறப்பது சுலபம்.

ஒருமுறை வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுல செஞ்சதுங்க."

"வீட்டுல என்ன செஞ்சாங்க?"

"அத செஞ்சவங்ககிட்டதான் கேக்கணும்."

டாக்டர் வெறுத்துப்போய், உலகத்தில் எத்தனை வகை வயிற்றுவலி உண்டோ அத்தனைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பூட்டு அதைத் தின்று முடிக்க ஒரு மாதம் ஆனது.

கட்டிய மனைவியிடமும் இதே கதைதான். கல்யாணமான புதிதில் "உங்களுக்கு என்ன வேலை?" என்று அண்ணி கேட்டதற்கு, "கலக்குற வேலை" என்று ஒரே பதிலோடு நிறுத்திக்கொண்டாராம். மூன்று மாதம் அண்ணி தன் புருஷன் ஏதோ ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறார் என்றே நினைத்திருந்தார். ஒரு நாள் அவர் இரண்டு காதும் பச்சையாக வீட்டுக்கு வந்ததும்தான் பெயின்ட் என்று தெரிந்தது.

ஆனால் வேலையில் மனிதர் பேய். ஒரு வாளி வெள்ளை பெயின்ட்டில் எந்தக் கலர் பசை எத்தனை சொட்டு விழ வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். நமக்கு வெள்ளை என்றால் வெள்ளை. அவர் கண்ணுக்கு வெள்ளையில் மட்டும் பதினேழு வெள்ளை. கம்பெனி புதிதாகக் கொண்டுவரப் போகிற நிறங்களுக்குக் கடைக்குப் போகும் நாள்வரை பெயர் கிடையாது, வெறும் எண்தான். அந்த எண்களும் அளவுகளும் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு பெண்ணின் பொறுப்பில் இருந்தன. அந்தப் பெண் அளவைப் படிக்கும், இவர் கலப்பார். இந்த இரண்டு பேரையும் தவிர முதலாளிக்கு மட்டும்தான் அந்த ரகசியம் தெரியும்.

புது நிறம் ஒன்றைக் கலந்து பார்த்தால் அரை லிட்டர், ஒரு லிட்டர் மிஞ்சும். அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதனால் வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று பழைய முதலாளி காலத்திலேயே ஒரு வழக்கம். ஆரம்பத்தில் நாங்களும் ஆசைப்பட்டு எடுத்துப் போனோம். அரை லிட்டர் பெயின்ட் ஒரு கதவின் முக்கால் பாகத்துக்குத்தான் வரும். மீதிக் காலுக்கு அடுத்த மாதம் வேறு நிறம் வரும். மானமுள்ள குடும்பம் எதுவும் தாங்காது. எங்கள் வீடுகளில் திட்டு வாங்கி விட்டுவிட்டோம். பூட்டு மட்டும் பதினெட்டு வருஷம் விடாமல் எடுத்துப் போனார்.

அவர் வீடு மெயின் ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே. சுற்றுச்சுவர் நீளமானது. அதில் அவர் பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு மிச்ச டப்பாவுக்கும் ஒரு கட்டம் என்று அடித்துக்கொண்டே வந்தார். பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்தின் உண்மைப் பெயரை மறந்து "கலர் வீடு, கலர் வீடு எல்லாம் இறங்கு" என்றுதான் கூவுவார். விமானத்தில் போகிறவன்கூட மேலிருந்து அந்தச் சுவரைப் பார்த்துத்தான் ஊர் வந்துவிட்டது என்று பெட்டியை இறக்குவான்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிளி வந்தது.

கிளி என்றால் வாளியில் கிளிப் படம் போட்டு பெயின்ட் விற்கிற எதிர்க் கம்பெனி. போன வருஷம் நாங்கள் ஆறு புது நிறம் இறக்கினோம். அதற்கு மூன்று வாரம் முன்னால் கிளிக்காரர்கள் ஐந்து நிறம் இறக்கினார்கள். ஐந்தும் எங்களுடையதேதான். நகல் எடுத்தது மாதிரி இருந்தது. நாங்கள் கடைக்குப் போனபோது, "என்னப்பா, கிளியப் பாத்து காப்பி அடிச்சுட்டீங்களா?" என்று கடைக்காரர்கள் எங்களைக் கேட்டார்கள். அவர்களிடம் இல்லாதது எங்கள் ஆறாவது நிறமான ஒரு நீலம் மட்டும்தான். சரி, அதிலாவது பிழைப்போம் என்று பார்த்தால், அந்த நீலம் ஆறே மாதத்தில் வெளுத்து, வாங்கினவர்கள் எல்லாரும் கம்பெனி வாசலில் வந்து நின்றார்கள். இந்த வருஷமும் கிளி முந்திக்கொண்டால் கம்பெனிக்கு நாமம்தான் என்று முதலாளி தலையில் கை வைத்துவிட்டார்.

அவர் ஒரு பாதுகாப்பு மேடத்தைக் கூட்டி வந்தார். கம்பெனி ரகசியம் கசியாமல் காப்பதுதான் அந்த அம்மாவின் தொழில். வந்த அன்றே எங்கள் எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் பேசினார்.

"வெளியிலேர்ந்து வர்றவன் காம்பவுண்டு ஏறிக் குதிக்கணும். உள்ள இருக்குறவங்களுக்குக் கதவே திறந்துதான் இருக்கு. அதுலயும் யார் மேல சந்தேகமே வராதோ, அவங்கதான் ரொம்ப ஆபத்து."

"அப்ப நாம தப்பிச்சோம். நம்மள யாரு நம்புறா?" என்று பேக்கிங் மேஸ்திரி என் காதில் சொன்னார்.

மறுநாளிலிருந்து கெடுபிடி. எல்லார் மொபைலும் வாசலில் ஒரு பெட்டிக்குள் போனது. பெட்டிக்குள் ஒரு மணி அடித்தால் இருபது பேர் வேலையைப் போட்டுவிட்டு ஓடினோம். கம்ப்யூட்டரில் இருந்த ஓட்டைகளை எல்லாம் பசை வைத்து அடைத்தார்கள். அந்த வேகத்தில் மவுஸ் சொருகுகிற ஓட்டையும் அடைபட்டு, ஆபீசில் இரண்டு நாள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்வேர்டில் பன்னிரண்டு எழுத்து இருக்க வேண்டும் என்றதும், மேஸ்திரி மறந்துவிடுமே என்று அதைத் தன் முதுகுப் பக்கச் சுவரில் சாக்பீசால் பெரிதாக எழுதி வைத்தார். டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்க வாட்ச்மேனுக்கு உத்தரவு. அவர் பார்த்ததோடு நிற்கவில்லை. ஒரு மாதத்தில் அவருடைய யூனிபாரத்தை இரண்டு முறை பிரித்துத் தைத்தார்கள்.

மேடம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். பூட்டின் முறை வந்தது.

"எத்தனை வருஷமா இங்க வேலை பாக்குறீங்க?"

"சொல்லலாமான்னு தெரியல மேடம்."

"நான் கம்பெனி சார்பாதான் கேக்குறேன். சும்மா சொல்லுங்க."

"அப்ப முதலாளியே சொல்லட்டும்."

ஒரு மணி நேரம் இப்படியே போனது. மேடத்தின் நோட்டில் தேதியைத் தவிர ஒன்றும் ஏறவில்லை. வெளியே வந்து முதலாளியிடம், "இவரை மாதிரி பத்து பேர் இருந்தா எனக்கு வேலையே இல்ல சார்" என்றார். முதலாளிக்குப் பெருமை. அவர் சின்னப் பையனாகக் கம்பெனிக்குள் ஓடித் திரிந்த காலத்திலிருந்து பூட்டைப் பார்க்கிறவர். இன்றும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

ஆக மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர் பெண். அதுவும் சிக்கியது. போன வருஷம் ஒரு லீவு நாளுக்கு முன்னால், புது நிறங்களின் பைலை அது தன் சொந்த மெயிலுக்கு அனுப்பியிருந்தது.

"அம்மாவுக்கு ஆபரேஷன் சார். ஆஸ்பத்திரியில உக்காந்தே முடிச்சுடலாம்னு அனுப்பினேன். வேற யாருக்கும் காட்டல" என்று அந்தப் பெண் சொன்னது.

"அத நாங்க எப்படி நம்புறது?" என்றார் மேடம்.

திங்கட்கிழமை முடிவு சொல்வதாகவும் அதுவரை கம்ப்யூட்டர் பக்கம் வரக் கூடாது என்றும் முதலாளி சொல்லிவிட்டார். முடிவு என்னவாக இருக்கும் என்று வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் அப்புறம் எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும்?

போகும்போது அந்தப் பெண் கலவை அறை வாசலில் நின்றது.

"அண்ணே, சத்தியமா நான் எதுவும் பண்ணல."

"தெரியும்" என்றார் பூட்டு. அவரைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய சொற்பொழிவு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூட்டு வழக்கம்போலச் சுவர் முன்னால் பிரஷ்ஷோடு நின்றார். இந்த வருஷத்துப் புது நிறங்களில் ஒன்றின் மிச்சம் கையில் இருந்தது. எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்து இரண்டு வருஷமான ஒரு மனிதர் ரோட்டைத் தாண்டி வந்தார். சிரித்த முகம். வாயைத் திறந்தால் புகழ்ச்சி.

"அண்ணே, உங்க கைக்கு ஒரு வைர மோதிரம் போடணும். இது என்ன கலரு? மாம்பழமும் இல்ல, ஆரஞ்சும் இல்ல. அடடா."

பூட்டு பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தார்.

"மழைக்கு நிக்குமாண்ணே?"

பூட்டு கட்டத்தின் ஓரத்தை இழுத்து அடித்தார். ஆனால் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அண்ணிக்குப் பேச்சு என்றால் உயிர். புருஷன் சேமித்து வைத்த பேச்சை எல்லாம் அவர்தான் செலவு செய்கிறவர்.

"அதெல்லாம் கல்லு மாதிரி நிக்கும் தம்பி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அடிச்சது பாருங்க, அந்த மூலையில அஞ்சு கட்டம், இன்னும் புதுசு மாதிரி இருக்கு. அந்த நீலம் ஒண்ணுதான் சரியில்ல. அடிச்சு ஆறு மாசத்துல வெளுத்து, பழைய கைலி மாதிரி ஆயிருச்சு. அப்பவே உங்ககிட்ட சொன்னேனே."

"ஆமாக்கா, சொன்னீங்க, சொன்னீங்க" என்று அந்த மனிதர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, காயாத பெயின்ட் பக்கத்தில் பிடித்து மொபைலில் ஒரு படம் எடுத்தார். "வீட்டுக்காரிக்கு அனுப்புறேன், ரசிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூட்டின் பிரஷ் சுவரிலேயே நின்றுவிட்டது. ரசிக்கிறவன் வெள்ளை அட்டை பிடிக்க மாட்டான், நிறத்தைத் துல்லியமாக அளக்கிறவன்தான் பிடிப்பான். பெயின்ட் வழிந்து முழங்கை வரை வந்தது. ஐந்து கட்டம் நன்றாக நிற்கிறது, ஒரு நீலம் வெளுத்துவிட்டது. கிளி ஐந்து நிறத்தை இறக்கியது, அந்த நீலத்தை மட்டும் விட்டுவிட்டது. பைலைப் பார்த்துத் திருடியிருந்தால் ஆறையும் அல்லவா அடித்திருப்பார்கள்? பைலில் ஆறும் வெறும் எண்தானே. நீலம் வெளுக்கும் என்பது பைலில் இல்லை. அது உலகத்திலேயே இந்த ஒரு சுவரில்தான் எழுதியிருந்தது.

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அந்த ஆளுக்கு என்ன வேலை?"

புருஷன் தானாக ஒரு கேள்வி கேட்டதில் அண்ணியின் கையிலிருந்த ஈரத் துணி நழுவியது. "ஊருல இருக்குற பெயின்ட் கடைக்கெல்லாம் சரக்கு போடுறாராம். வாளியில கிளிப் படம் போட்டிருக்குமே, அந்தக் கம்பெனி."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? நீங்க உங்க வேலைய என்கிட்ட சொல்ல மாட்டீங்க, நான் மட்டும் ஊரான் வேலைய உங்ககிட்ட சொல்லணுமா?"

அன்று மதியம் பூட்டு சாப்பிடவில்லை. அதற்கான காரணத்தை அண்ணி வற்புறுத்திக் கேட்டதில், கடைசியில் அவரும் சொன்னார். சொல்லி முடித்ததும் அண்ணியும் சாப்பிடவில்லை.

"பேசாம இருந்துட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் அண்ணி.

"யாருக்கும் தெரியாது."

"சொன்னா?"

"வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பதினெட்டு வருஷம். நம்பிக்கையான ஆளுன்னு அந்த மேடம் என்னைத்தான் சொல்லிச்சு."

"அந்தப் பொண்ணு?"

பூட்டு முழங்கையில் காய்ந்திருந்த பெயின்ட்டைச் சுரண்டினார். அண்ணி எழுந்து போய், மறுநாளைக்கு அவர் போட வேண்டிய நல்ல சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை காலை முதலாளி அறையில் மேடமும் கம்ப்யூட்டர் பெண்ணும் இருந்தார்கள். பேக்கிங் பிரிவில் நாங்கள் அந்த அறைக் கண்ணாடி தெரிகிற இடமாகப் பார்த்து, ஒரே பெட்டியை ஏழு பேர் ஒட்டிக்கொண்டிருந்தோம். பூட்டு நேராக உள்ளே போனார். கதவைச் சாத்தக்கூட இல்லை, அதனால் எங்களுக்கும் கேட்டது.

"நான்தாங்க" என்றார்.

"என்ன நீங்கதான்?" என்றார் முதலாளி.

அப்புறம் நடந்ததை நாங்கள் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வோம். பூட்டு பேசினார். நாற்பது நிமிஷம் பேசினார். சுவர், கட்டம், எதிர்வீட்டு ஆள், வெள்ளை அட்டை, நீலம், எல்லாம் வந்தது. நடுவில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவ்வளவு பேச்சு அவருக்குள் இருந்தது என்றால் இத்தனை வருஷம் அவருக்கு வயிற்றுவலி வந்ததில் ஆச்சரியமே இல்லை.

"பைலப் பாத்து திருடினவனுக்கு நீலம் வெளுக்கும்னு எப்படிங்க தெரியும்? இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. கிளிக்காரன் என் வீட்டுச் சுவரப் பாத்துதான் கடை போட்டிருக்கான்" என்று முடித்தார்.

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார். "அண்ணே, நம்ம நீலம் வெளுக்கும்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியுங்க. நாம கடைக்கு அனுப்பறதுக்கு நாலு மாசம் முந்தியே வெளுத்துருச்சு."

"ஏண்ணே சொல்லல?"

"கம்பெனி விஷயத்த எதுக்கு வெளிய பேசணும்னுதான்."

"நான் வெளியவா?"

பூட்டு தலையைச் சொறிந்தார். "நீங்க கேக்கலைங்க."

பேக்கிங் மேஸ்திரி சிரிப்பை அடக்க ஒட்டும் டேப்பைத் தன் வாயிலேயே ஒட்டிக்கொண்டார்.

மேடம் சிரிக்கவில்லை. "இன்னும் கடைக்கு வராத சரக்க கம்பெனிக்கு வெளிய கொண்டுபோனா வேலைய விட்டு நீக்கணும் சார். அதுதான் விதி. நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி" என்றார். பிறகு பூட்டிடம் திரும்பி, "யார் அனுமதியில எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்டார்.

பூட்டு கையோடு கொண்டுவந்திருந்த துணிப்பையை மேஜை மேல் கவிழ்த்தார். ஒரு செங்கல் உயரத்துக்குக் கேட் பாஸ் சீட்டுகள். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு சீட்டு. தேதி, அளவு, நிற எண், எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆரம்பச் சீட்டுகளில் பழைய முதலாளியின் கையெழுத்து. கடைசி ஒன்பது வருஷச் சீட்டுகளில் இப்போதைய முதலாளியின் கையெழுத்து.

மேடம் பத்துச் சீட்டைப் புரட்டினார். "இதப் படிச்சுப் பாத்துட்டுதான் போட்டீங்களா சார்?"

"அது வந்து, சாயங்காலம் ஒரு கட்டா கொண்டுவருவாங்க. அப்படியே போட்டுருவேன்" என்றார் முதலாளி.

"அப்ப கையெழுத்துப் போட்டவரையும் விசாரிக்கணும்."

முதலாளிக்கு இருமல் வந்தது. எங்கள் கம்பெனியில் அவ்வளவு நேரம் யாரும் இருமியதில்லை.

இருமல் நின்றதும் முடிவுகள் வந்தன. கம்ப்யூட்டர் பெண் அன்றே தன் நாற்காலிக்குப் போகலாம், இனிமேல் பைல் எதையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மிச்ச டப்பாக்கள் இனி ஒரே பீப்பாயில் கொட்டப்பட்டுக் கம்பெனியிலேயே இருக்கும். பூட்டை வேலையை விட்டு அனுப்ப முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. அனுப்பாமல் விட மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், புது நிறங்கள் கடைக்குப் போகிற வரை ஆறு மாதம் அவர் கலவை அறைக்குள் கால் வைக்கக் கூடாது, கேட்டில் உட்கார்ந்து வெளியே போகிற பொருளுக்குச் சீட்டு பார்க்க வேண்டும் என்று தீர்ந்தது. பதினெட்டு வருஷமாகக் கலந்த கை சும்மா இருக்க வேண்டும். அவர் முகம் வெளுத்துப்போனதை நாங்கள் பார்த்தோம். நாங்கள்கூட அதற்குக் கேலி பேசவில்லை, ஒரு அரை நாள்.

சுவரை மறைக்கும் வேலை அண்ணியிடம் மாட்டிக்கொண்டது. முழுக்க வெள்ளை அடித்துவிடலாம் என்று மேடம் போய்ச் சொன்னார்.

"என் வீடு என்ன ஆஸ்பத்திரியா?" என்றார் அண்ணி. "நாப்பது கலர் வச்சுட்டு வாழ்ந்தவங்க நாங்க. தப்பு உங்க ஆபீசுல, சுண்ணாம்பு எங்க சுவத்துலயா?"

ஏற்கெனவே கடையில் விற்கிற நிறங்களில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேடம் இறங்கி வந்தார். அண்ணி நிற அட்டையை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார். காலையில் உட்கார்ந்த மேடம் மதியம் அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். இரண்டு நாளில் சுவர் முழுக்க ஒரே மஞ்சள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு ஆள் மொபைலோடு ரோட்டைத் தாண்டி வந்து, பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

"என்னக்கா, புதுக் கலர் எதுவும் இல்லையா?"

"இருக்கே தம்பி. கடையில கேளுங்க, ரசீதோட குடுப்பாங்க."

அந்த மாதக் கடைசியில் அவர் மாடியைக் காலி செய்துகொண்டு போனார்.

கேட்டில் உட்கார்ந்த பூட்டு முதல் வாரம் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் முதலாளியின் கார் வெளியே போக வந்தது. பின்சீட்டில் ஒரு சின்ன டப்பா இருந்ததை அவர் பார்த்துவிட்டார். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது என்னங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே. பாப்பா தொட்டிலுக்கு அடிக்க ரோஸ் கலர். கால் லிட்டர்."

"எந்த நம்பரு?"

முதலாளி நம்பரைச் சொன்னார். இந்த வருஷத்துப் புது நிறம்.

"சீட்டு எங்கங்க?"

"அண்ணே, கையெழுத்துப் போடுறவனே நான்தானே."

"அதுலதாங்க போன தடவ மாட்டுனோம்."

முதலாளி அவரைப் பார்த்தார். வாட்ச்மேன் கையில் வைத்திருந்த யாருடைய டிபன் பாக்ஸையோ மெதுவாக மூடினார். வீட்டுக்குக் கிளம்பி வந்த நாங்கள் எல்லாரும் கேட்டில் அப்படியே தேங்கிவிட்டோம். முதலாளி கதவைத் திறந்து இறங்கி, டப்பாவை எடுத்துக்கொண்டு, தானே நடந்து போய்க் கலவை அறையில் வைத்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை.

"ஆறு மாசம்னு சொன்னோமேண்ணே, ரெண்டு மாசம் போதும்னு நினைக்கிறேன். நான் மேடத்துகிட்ட பேசுறேன்" என்றார்.

"பேசுங்க" என்று பூட்டு வழி விட்டார்.

அடுத்து வந்தது கம்ப்யூட்டர் பெண். கேட்காமலே பையைத் திறந்து அவர் முன்னால் வைத்தது. ஒரு குடை, ஒரு சீப்பு, அம்மாவுக்கு வாங்கிய மாத்திரை. பூட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரியா பாருங்கண்ணே" என்றது அந்தப் பெண். "என்னை நம்பி விட்டுறாதீங்க."

"நம்பிக்கைக்கும் பாக்குறதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, சீப்பைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தார்.